இரண்டரை பரோட்டாவும் ஒரு ஆல்-இன்னும்

போன செமஸ்டர் கடைசியில் எங்க பிளாக் மூணாவது மாடியில் ஒரு போக்கர் டோர்னமென்ட் நடந்தது. காசு வைத்து ஆடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா இந்த இதழை வார்டனும் படிப்பார். பிளேஸ்மென்ட் கிடைத்த ஒருத்தன் ட்ரீட் தரணும். அவன் பெரிய மனசோட வாங்கி வந்தது பத்தே பத்து பரோட்டா. நாங்க பதினாறு பேர். சண்டையைத் தவிர்க்க சீட்டுக்கட்டை எடுத்தோம். முதல் ஆளுக்கு 5, ரெண்டாவது ஆளுக்கு 3, மூணாவது ஆளுக்கு 2. சால்னா மட்டும் எல்லாருக்கும்.

சிப்ஸுக்கு எங்கே போறது? மெஸ்ஸில் கெஞ்சி வாங்கிய புளியங்கொட்டை ஒண்ணு 100, சோடா மூடி ஒண்ணு 500. ஆளுக்கு 1,000. ரெண்டு கட்டில் நடுவில் ஒரு மேசை, பக்கத்து ரூமில் இன்னொன்று.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. சேர்த்துப் பார்த்து நல்ல கை யாருதோ அவனுக்குக் காய் எல்லாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ரெண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமா காய் வைக்கணும், அதுதான் பிளைண்ட். நேரம் ஆக ஆக பிளைண்ட் ஏறிக்கிட்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே கரைஞ்சு போவீங்க என்பதுதான் டோர்னமென்ட்டோட அடிப்படை விதி.

ராத்திரி ஒன்றரை மணிக்கு நாலு பேர் மிச்சம். நாலு பேர்கிட்டயும் கிட்டத்தட்ட 4,000. பிளைண்ட் 200, 400. இன்னும் ஒருத்தன் வெளியே போனா மிச்ச மூணு பேருக்கும் பரோட்டா உறுதி. இந்தக் கட்டத்துக்கு பப்பிள் என்று பேர். என் ரூம்மேட் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். அவன்கிட்ட என்னைவிட ஒரு புளியங்கொட்டை அதிகம். அடுத்தவன் விட்டுட்டான். என் கையில் ரெண்டு ஜாக்.

ரூம்மேட் சும்மா தள்ளுற ஆள் இல்லை. நாலு வருஷமா பார்க்கிறேன், ரெக்கார்ட் நோட்டைக்கூட கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாடி வைக்கிறவன். ஏஸ்-கிங்தான் வச்சிருக்கான்னு தோணுச்சு. ஏஸ்-கிங்குக்கு எதிரா ஜாக் ஜோடி 100-ல் 57 தடவை ஜெயிக்கும், அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். 57 என்பது பாதிக்கு மேல. "கால்" என்றேன். அவன் திருப்பினான். ஏஸ்-கிங்கேதான். நாலு சீட்டு வரைக்கும் நான் முன்னாடி. அஞ்சாவதா ஆட்டின் கிங் வந்து விழுந்தது.

எல்லாரும் தோளில் தட்டினாங்க. "சரியாத்தான் ஆடினே மச்சான், லக் இல்லை." ரெண்டு வாரம் நானும் அதையே நம்பிக்கிட்டிருந்தேன். தப்பா ஆடினேன் என்று எனக்குக் காட்டினவன் அன்னைக்கு அந்த மேசையில் ஆடவே இல்லை. அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன். முதலில் அவன் போட்டுக் காட்டிய கணக்கு.

நாலு பேரும் சமமா இருக்கும்போது பத்து பரோட்டாவில் என் நியாயமான பங்கு இரண்டரை. நான் கால் பண்ணி ஜெயித்தால் என் காய் ரெண்டு மடங்கு ஆகும், ஆனா என் பங்கு 5 பரோட்டா ஆகாது. காயில் பாதி என்கிட்ட இருந்தா நான் முதலாவது வர வாய்ப்பு 50 சதவீதம், ரெண்டாவது வர 33, மூணாவது வர 17. 5, 3, 2 வச்சுப் பெருக்கிக் கூட்டுங்க: 3.83 வரும். தோத்தால் பூஜ்யம். ஆக, 1.33 பரோட்டா கூடக் கிடைக்கும் என்பதற்காக இரண்டரை பரோட்டாவைப் பணயம் வைக்கிறேன். அது லாபமா இருக்கணும்னா 65 சதவீதம் ஜெயிக்கிற கை வேணும். பிளைண்டில் நான் ஏற்கெனவே போட்ட 400-ஐயும் அடுத்தவன் விட்டுப்போன 200-ஐயும் சேர்த்துக்கிட்டா 65 இறங்கி 60 பக்கம் வரும். என் கை 57. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஃபோல்ட்.

இதைவிடக் கடுப்பான விஷயம் ஒண்ணு இருக்கு. நானும் ரூம்மேட்டும் முட்டிக்கிட்டோமே, அப்போ சும்மா வேடிக்கை பார்த்த ரெண்டு பேரோட பங்கு ஆளுக்கு இரண்டரையிலிருந்து 3.08 ஆச்சு. அவங்க சீட்டைக்கூடத் தொடலை. நான் இழந்த இரண்டரையில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் ரூம்மேட்டுக்குப் போச்சு, மிச்சத்தை அந்த ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. போக்கர்காரங்க இந்தக் கணக்குக்கு இன்டிபெண்டன்ட் சிப் மாடல் என்று பேர் வச்சிருக்காங்க. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனாவது வரும்னு கணிக்க 1973-ல் ஹார்வில் போட்ட ஃபார்முலாவும் இதுவும் ஒண்ணுதான். நமக்கு ரெண்டாம் வருஷம் ப்ராபபிலிட்டி பேப்பரில் இதைக் கொடுத்திருந்தா எத்தனை பேர் அரியர் இல்லாம தப்பிச்சிருப்பாங்க!

சரி, அப்போ ரூம்மேட் செய்ததும் தப்பா? அவனும் அதே ஆட்டத்தில் மொத்தத்தையும்தானே வச்சான்? இல்லை, அவன் செய்தது சரி. இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே இந்த வித்தியாசம்தான்.

முதலில் தள்ளுறவனுக்கு ஜெயிக்க ரெண்டு வழி இருக்கு. எல்லாரும் பயந்து விட்டுடலாம், இல்லேன்னா யாராவது வந்து அவனிடம் தோக்கலாம். கால் பண்றவனுக்கு ஒரே வழி, சீட்டு நல்லா இருக்கணும். ஒரு சின்னக் கணக்கு. பப்பிள் எல்லாம் வரும் முன்னாடி உங்ககிட்ட 4,000 இருக்கு, அதே 200, 400 பிளைண்ட். மட்டமான கையோட மொத்தமும் தள்ளுறீங்க. 70 சதவீதம் எல்லாரும் விட்டுடுவாங்க, 600 உங்களுக்கு. மிச்சம் 30 சதவீதத்தில் பெரிய பிளைண்ட்காரன் வர்றான், வந்தா நீங்க 35 சதவீதம்தான் ஜெயிப்பீங்க. அப்போ சராசரியா 1,130 நஷ்டம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா 420-ல் 339 போக 81 காய் லாபம். மாட்டினா தோக்கிற கைதான், ஆனாலும் லாபம். டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை ஒரு கொள்கையாவே எழுதியிருக்கார்: முதலில் ரெய்ஸ் பண்ணத் தேவையான கையைவிட, இன்னொருத்தன் ரெய்ஸ் பண்ணின பிறகு உள்ளே வரத் தேவையான கை நல்லதா இருக்கணும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. பப்பிளில் அந்த இடைவெளி பள்ளத்தாக்கு மாதிரி ஆயிடும். நம்ம பசங்க பேச்சில் "ஆல்-இன்" என்பது ஒரே வார்த்தை. உண்மையில் அது நேர்மாறான ரெண்டு வேலை.

சினிமாதான் இதைக் கெடுத்தது என்பேன். சூதாட்ட சீன் எதையாவது நினைச்சுப் பாருங்க. வில்லன் தள்ளுவான், ஹீரோ அவன் கண்ணையே பார்த்துக்கிட்டு மெதுவா "கால்" சொல்வான், பின்னணி இசை எகிறும். நிஜத்தில் தைரியமான வேலையை வில்லன் செய்துட்டான். ஹீரோ செய்தது பெரும்பாலும் கணக்கு தப்பு.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. அன்னைக்கு அஞ்சாவதா வெளியே போனவன் ரொம்ப நேரம் நல்ல கைக்காகக் காத்துக்கிட்டே இருந்தான். 3,000 இருந்தது 2,000 ஆச்சு, 1,400 ஆச்சு, கடைசியில் 800. அப்போதான் அவனுக்கு ஏஸ்-குயின் வந்தது, தள்ளினான். யாருக்குப் பயம்? பெரிய பிளைண்ட்காரன் இன்னும் 400 போட்டா நடுவில் 1,400 கிடக்கு. 22 சதவீதம் ஜெயிக்கிற கை இருந்தா போதும், அது கிட்டத்தட்ட எல்லாக் குப்பைக் கையும்தான். பார்க்காமலே வந்தான், ஒன்பது-நாலோட ஜெயிச்சான். ஏஸ்-குயின்காரன் ஜெயிச்சிருந்தாலும் 1,800 ஆகியிருக்கும், அவ்வளவுதான், ரெண்டு மணி நேரம் முன்னாடி இருந்ததைவிடக் குறைவு. பயமுறுத்துற அளவுக்குக் காய் இருக்கும்போதே தள்ளணும். அது போன பிறகு தள்ளுறது பிரார்த்தனை.

அந்த நேரம் எப்போ என்பதற்கு டான் ஹாரிங்டன் ஒரு அளவுகோல் வச்சிருக்கார். சும்மா புத்தகம் மட்டும் எழுதின ஆள் இல்லை. லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவென்ட்டை 1995-ல் ஜெயிச்சவர். 2003-ல் 839 பேரில் மூணாவது, அடுத்த வருஷம் 2,576 பேரில் நாலாவது. ரெண்டு வருஷம் தொடர்ச்சியா இதை லக் என்று சொல்ல எனக்கு வாய் வரலை. ஒரு சுற்று முழுக்க சும்மா இருந்தா எவ்வளவு காய் போகுமோ, அதால் உங்க காயை வகுங்க. அந்த எண்ணுக்கு எம் என்று பேர், பால் மேக்ரியல் என்ற ஆட்டக்காரர் பேரிலிருந்து வந்தது. 20-க்கு மேல இருந்தா பச்சை, நிதானமா ஆடலாம். 10-க்குக் கீழே ஆரஞ்சு. 5-க்குக் கீழே சிவப்பு, அங்கே ஒண்ணு மொத்தமும் தள்ளணும், இல்லை விடணும், நடுவில் எதுவும் கிடையாது. எங்க நாலு பேருக்கும் 4,000-ஐ 600-ஆல் வகுத்தா 6.7. அதிலும் நாலு பேர் மேசையில் சுற்று சட்டுனு முடிஞ்சிடும், அதனால் நிஜ நிலைமை இன்னும் மோசம். ஆக யாரோ ஒருத்தன் தள்ளியே ஆகணும். அந்த ஒருத்தன் நானா இருந்திருக்கணும், ரெண்டு ஆட்டம் முன்னாடி, சிறிய பிளைண்டில் ஏஸ்-எட்டோட. நான் விட்டுட்டேன். அதைப் பத்தி யாரும் தோளில் தட்டலை, ஏன்னா விட்ட கை யாருக்கும் தெரியாது.

"ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தா போதும்" என்று போக்கரில் ஒரு பேச்சு உண்டு. ஜாக் ஸ்ட்ராஸ் 1982-ல் எல்லாம் போச்சுன்னு எழுந்திருக்கும்போது மேசையில் ஒளிஞ்சிருந்த ஒரே ஒரு சிப்பைப் பார்த்து, அதை வச்சுத் திரும்ப ஆடி மெயின் ஈவென்ட்டையே ஜெயிச்சார் என்று கதை. யூடியூப்பில் மோட்டிவேஷன் பேசுறவங்களுக்கு அல்வா மாதிரி. ஒரே சிப்போட அடுத்த ஆட்டத்தில் எழுந்து போனவங்க பேரை யாரும் எழுதி வைக்கலை. அவங்க எண்ணிக்கை தெரியாம இந்தக் கதையிலிருந்து எதையும் கத்துக்க முடியாது.

எனக்குப் பிடிச்சது 2003 கதை. கிறிஸ் மணிமேக்கர், டென்னஸியில் அக்கவுண்டன்ட், பேரே அதுதான். ஆன்லைனில் ஒரு சின்ன டோர்னமென்ட் ஜெயிச்சு 10,000 டாலர் சீட்டு வாங்கி வந்தவர். கடைசி ரெண்டு பேர்: அவரும் அனுபவஸ்தர் சாம் ஃபார்ஹாவும். நடுவில் ஒன்பது, ரெண்டு, ஆறு, எட்டு, மூணு. ஃபார்ஹாகிட்ட ஒன்பது ஜோடி, மேசையிலேயே பெரிய ஜோடி. மணிமேக்கர் கையில் கிங்-ஏழு. ஒண்ணும் சேரலை, சுத்தமா ஒண்ணுமே இல்லை. கடைசி சீட்டில் மொத்தத்தையும் தள்ளினார். ஃபார்ஹா ரொம்ப யோசிச்சு விட்டுட்டார். கொஞ்ச நேரத்தில் 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்கு. ஃபார்ஹாவுக்கு 13 லட்சம்.

இதை எல்லாரும் அசாத்திய துணிச்சல் என்பாங்க. நான் கவனிக்கிறது வேற. மிச்சம் ரெண்டே பேர். தோத்தாலும் 13 லட்சம் உறுதி. ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது அந்தப் பரோட்டாக் கணக்கின் வளைவு காணாம போயிடும், காயின் மதிப்பு நேர்கோடாயிடும், 50 சதவீதத்துக்கு மேல இருந்தா போதும். எங்க மேசைக்கே போட்டுப் பாருங்க. நாலு பேர் இருக்கும்போது 65 சதவீதம் வேணும். மூணு பேர் ஆனா 2 பரோட்டா கைக்கு வந்தாச்சு, தேவை 57-க்கு இறங்கிடும். ரெண்டு பேர் ஆனா 50. அதே ஜாக் ஜோடி, அதே ஏஸ்-கிங், அதே ரூம்மேட். ஒருத்தன் முன்னாடியே போயிருந்தா எல்லைக்கோட்டில் நிக்கிற கால், ரெண்டு பேர் போயிருந்தா சந்தேகமே இல்லாத கால். என் சீட்டு நல்ல சீட்டா என்று கேட்டது தப்பான கேள்வி.

கம்ப்யூட்டர் பசங்களுக்கு ஒரு தகவல். கார்னெகி மெலன் ஆட்கள் செய்த லிப்ராட்டஸ் 2017-ல் நாலு ப்ரொஃபஷனல்களை 1,20,000 ஆட்டத்தில் தோக்கடிச்சது. 2019-ல் ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் ஜெயிச்சது. ரெண்டு போட்டியிலும் ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்ச உடனே காயைப் பழையபடி நிரப்பிடுவாங்க. பழைய நஷ்டத்தைச் சுமந்துக்கிட்டு அடுத்த சீட்டைப் பார்க்கிற நிலைமை அந்த மெஷின்களுக்கு அங்கே வரவே இல்லை.

இப்போ கணக்கு போட்டுக் காட்டினவன். எம் என்றால் என்ன என்று ரெண்டாம் வருஷத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். எம்.ஐ.டி. இணையத்தில் இலவசமா போட்டிருக்கிற போக்கர் தியரி கோர்ஸை முழுசா பார்த்தவன் எனக்குத் தெரிஞ்சு அவன் ஒருத்தன்தான். புளியங்கொட்டை மேசையில் அவன் தப்பா தள்ளி நான் பார்த்ததே இல்லை. மூணாம் வருஷம் அவன் ஒரு ஆப்பில் பணம் வச்சு ஆடினான். முதலில் ஜெயிச்சான், நிஜமாவே ஜெயிச்சான், எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். அப்புறம் டோர்னமென்ட்டை விட்டுட்டு நேரடிப் பண மேசைக்குப் போனான். அங்கே காய் தீர்ந்தா எழுந்திருக்க வேண்டியதில்லை, ஃபோனில் ஒரு தட்டு தட்டினா திரும்ப நிரம்பும். டோர்னமென்ட்டில் "எல்லாம்" என்பதற்கு ஒரு எண் இருக்கு. 4,000 காய், இரண்டரை பரோட்டா. வெளியே போனா போனதுதான், சால்னாவைக் குடிச்சிட்டுத் தூங்கலாம். அவனுக்கு முதல் வாரம் "எல்லாம்" என்பது பாக்கெட் மணி. அடுத்து எங்ககிட்ட வாங்கிய கடன். நான் கொடுத்தது 4,000 ரூபாய், எதுக்குன்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன், அவன் திறமையை நம்பி. அதுக்கப்புறம் செமஸ்டர் ஃபீஸ். வீட்டில் தெரிஞ்சு அவன் அக்கா வந்து கட்டினாங்க.

திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று ஊரே வருஷக்கணக்கா வாதாடிச்சு. 2022-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்தான் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று முடிச்சிடுச்சு. போக்கர் திறமை ஆட்டம் என்பதில் எனக்கு இன்னைக்கும் சந்தேகமில்லை, மேலே ரெண்டு பக்கம் அதைத்தான் எழுதியிருக்கேன். ஆனா என் ஃப்ரெண்டைக் காலி பண்ணினது அவன் திறமைதான். திறமை இல்லாதவன் ரெண்டாவது நாளே ஆப்பை அழிச்சிருப்பான். இவனுக்கு ஒவ்வொரு தோல்வியும் "சரியா ஆடினேன், லக் இல்லை" என்றே கணக்கில் வந்தது. பாதி நேரம் அது உண்மையும்கூட. என் ஜாக் ஜோடிக்கு எல்லாரும் சொன்னதும் அதே வாக்கியம்தான்.

சீட்டுக்கட்டையே ஹாஸ்டலில் தடை பண்ணணும் என்று போன மாசம் ஒரு மீட்டிங்கில் பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புளியங்கொட்டை மேசை இருந்ததால்தான் நாங்க ராத்திரி பத்து பேர் ஒரே ரூமில் முகம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவன் தனியா ஆடினது போர்வைக்குள்ளே, ஹெட்ஃபோனோட. அந்த மூணு மாசம் அவன் எங்க மேசைக்கு வராம போனதை நாங்க யாரும் கேட்கலை. படிக்கிறான்னு நினைச்சோம்.

பரோட்டா ராத்திரிக்கு ரெண்டு வாரம் கழிச்சு அவன் என் ரூமுக்கு வந்தான். "ஜாக்ஸ் வச்சுக் கால் பண்ணியாமே?" என்றான். மெஸ் பில்லைத் திருப்பிப்போட்டு, பேனாவை என்கிட்டயே வாங்கி, மேலே எழுதின கணக்கு முழுக்கப் போட்டான். கடைசி வரியில் 65 என்று எழுதி அடியில் ரெண்டு கோடு. "தப்பான கால்டா." பிறகு சட்டைப் பையிலிருந்து ரெண்டு 500 ரூபாய் நோட்டை எடுத்து அந்தப் பில் மேலேயே வச்சான். இதோட 2,500 வந்தாச்சு, இன்னும் 1,500 பாக்கி. நான் கேட்கலை, அவனே சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். வந்தான். ஆட மாட்டேன், சீட்டு மட்டும் போடுறேன் என்றான். அன்னைக்கு நான் சிறிய பிளைண்டில் ஏஸ்-ஆறோட மொத்தத்தையும் தள்ளினேன். எல்லாரும் விட்டுட்டாங்க. அவன் மட்டும் என் சீட்டை லேசா தூக்கிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம கட்டைக் கலைச்சான்.